லிட்டருக்கு 15 கொடுத்த கார் 10-க்கு இறங்கியது எப்படி? கணக்கு நோட்டில் சிக்கிய காரணம்!

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டிய ஒரு தெரு. அங்கே ஒரு வீட்டு வாசலில் 2008 மாடல் சான்ட்ரோ ஒன்று நிற்கிறது. வெள்ளி நிறம், பின் கண்ணாடியில் பாதி உரிந்த முருகன் ஸ்டிக்கர். ஓட்டுபவருக்கு வயது 67, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பக்கத்து சீட் அவர் மனைவிக்கு. முழங்கால் வலியால் அவரால் பஸ் படி ஏற முடியாது. வாரம் 2 நாள் பிசியோதெரபிக்கு இந்த கார்தான் அவரைக் கொண்டுபோய் விடுகிறது.

போன வருடம் அந்த 2 நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. வலி குறைந்துவிட்டதாக மனைவி சொன்னார். உண்மையான காரணம் பெட்ரோல். மாதம் 3,000 ரூபாய்க்குள் முடிந்த செலவு 4,300-ஐத் தொட்டிருந்தது. ஓடிய தூரமோ அதே 450 கி.மீ-தான். பெங்களூரில் இருக்கும் மகன் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார். "வித்துடுங்கப்பா. 17 வருஷ காரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" விசாரித்ததில் 65,000 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னொரு நல்ல கார் கிடைக்காது. விற்றால், ஆட்டோதான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பழைய ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா வைத்திருக்கும் பல வீடுகளிலும், 'மைலேஜ் கொடுக்கல, வித்துடலாமா?' என்ற பேச்சு ஒருமுறையாவது வந்திருக்கும். விற்பதற்கு முன், காரணம் என்ன என்று தேடும் வேலையை இந்தத் தஞ்சாவூர் தம்பதி எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம்.

முதல் சந்தேகம்... பெட்ரோல் மேல்!

ஆசிரியர் முதலில் பழி போட்டது இ20 பெட்ரோல் மேல். அதாவது, 20% எத்தனால் கலந்த பெட்ரோல். இது சும்மா சொல்லும் சாக்கும் அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலந்தால் கி.மீ குறையத்தான் செய்யும். எவ்வளவு? எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு, 10% கலப்புக்கு ஏற்ப டியூன் செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7% வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

கணக்கு ஆசிரியர் ஆயிற்றே, பென்சில் எடுத்தார். 15-ல் 7% போனால் 14 வரும். அவர் காரோ 10.5-க்கு இறங்கியிருந்தது. 30% வீழ்ச்சி. அதுவும் பங்க்கில் எத்தனால் ஒரே நாளில் 0-விலிருந்து 20-க்குத் தாவவில்லை, 10% ஏற்கெனவே இருந்தது. ஆக, இ20 ஒரு பங்குதாரர். முக்கியக் குற்றவாளி வேறு யாரோ.

ஒர்க்‌ஷாப்பில் போன 6,000

அடுத்து, வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப். பிளக் 4 மாற்றினார்கள். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், டேங்க்கில் ஊற்ற ஒரு டப்பா திரவம். மொத்தம் 6,000 ரூபாய் சொச்சம். ஒரு வாரம் கார் சுறுசுறுப்பாக இருந்ததுபோல் தோன்றியது. மைலேஜில் அரை கி.மீ கூட ஏறவில்லை.

ஏர் ஃபில்டர் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'ஃபில்டர் அடைச்சா மைலேஜ் போயிடும்' என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. பழைய மாருதி 800-க்கு அது பொருந்தும். இன்ஜெக்‌ஷன் கார்களில் உள்ளே வரும் காற்றின் அளவைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. அடைத்த ஃபில்டரால் பிக்கப் குறைந்தது, மைலேஜ் பெரிதாக மாறவில்லை. ஃபில்டர் மாற்றுவது இன்ஜினுக்கு நல்லது, மாற்றுங்கள். அதிலிருந்து 4 கி.மீ கூடுதலாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது முறை காரை விட்டபோது, கழற்றிய பிளக்கைக் காட்டினார்கள். இரண்டு மாதத்துக்கு முன் போட்ட புது பிளக், கரியாகக் கறுத்திருந்தது. "ரிங் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்கணும். 45,000 ஆகும்." 65,000 ரூபாய் காருக்கு 45,000 ரூபாய் வேலை! அன்றிரவு மகனுக்குப் போன் போட்டு, 'வித்துடலாம்' என்று ஆசிரியரே சொல்லிவிட்டார்.

நோட்டை எடுத்தார் மனைவி

அந்த வீட்டில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. பால், மளிகை, கேஸ், மருந்து, கேபிள் என எல்லாம் அதில் ஏறும். பெட்ரோலும் அப்படித்தான். தேதி, போட்ட பணம், அன்றைய கிலோ மீட்டர். எழுதுவது மனைவி. "500 ரூபாய்க்குப் போட்டேன்னு சொல்லிட்டு 700-க்குப் போட்டுட்டு வர்றார். அதான் பில்லை வாங்கி எழுதிவைப்பேன்" என்பது அவர் சொல்லும் காரணம்.

விற்பதற்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்து கூட்டினார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை 1,830 கி.மீ, 122 லிட்டர். லிட்டருக்குச் சரியாக 15. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 1,290 கி.மீ, 123 லிட்டர். லிட்டருக்கு 10.5.

500, 700 என்று போடும்போது ஒவ்வொரு முறையும் டேங்க்கில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாதே, இந்தக் கணக்கு சரியாக இருக்குமா? ஒருமுறைக்கு இருக்காது. ஆனால், 3, 4 மாதம் சேர்த்துக் கூட்டினால், தொடக்கத்திலும் முடிவிலும் வரும் வித்தியாசம் சில லிட்டர்தான். 120 லிட்டரில் அது பெரிய விஷயம் இல்லை.

இன்னும் பின்னால் புரட்டியபோது வேறொன்றும் தெரிந்தது. அவர் வேலையில் இருந்த காலத்தில் இதே கார் 17 கொடுத்திருக்கிறது. அப்போது பள்ளிக்கூடம் 22 கி.மீ தள்ளி, நெடுஞ்சாலையில். இப்போது மார்க்கெட், கோயில், பிசியோதெரபி எல்லாம் 3 கி.மீ-க்குள். இன்ஜின் சூடாவதற்குள் வண்டி போய்ச் சேர்ந்துவிடுகிறது. 17 எப்படி 15 ஆனது என்பதற்கு அது பதில். படிப்படியாக வந்த வீழ்ச்சி.

ஆனால், 15-லிருந்து 10.5-க்குப் படிப்படியாக இறங்கவில்லை, விழுந்திருக்கிறது. ஒரே மாதத்தில். பிஸ்டன் ரிங் தேய்வதென்றால் வருடக்கணக்கில் மெதுவாகத் தேயும். மே மாதத்தில் மட்டும் காருக்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

மே மாதப் பக்கத்தில் மனைவியின் கையெழுத்தில் இருந்தது: 'கும்பகோணம் போகும்போது கார் சூடு - மெக்கானிக் 1,800.'

"இது நம்ம ஊருக்குத் தேவையில்லை சார்"

ஆசிரியருக்கு நினைவு வந்தது. அக்னி நட்சத்திரம், ஒரு கல்யாணம். போகிற வழியில் டிராஃபிக்கில் நின்றபோது டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறி, பானெட்டிலிருந்து ஆவி. ரோட்டோரக் கடை மெக்கானிக் ஒன்றரை மணி நேரத்தில் சரிசெய்து அனுப்பினார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மெக்கானிக் கையில் ஒரு சின்ன வட்டமான பாகத்தைக் காட்டி, "இது குளிர் பிரதேசத்துக்குத்தான் சார், நம்ம ஊருக்குத் தேவையில்லை. எடுத்துட்டேன். இனிமே சூடே ஆகாது" என்றாராம். அன்று அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

நோட்டோடு இருவரும் இன்னொரு மெக்கானிக்கிடம் போனார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது தனியாக ஷெட் போட்டிருக்கும் இளைஞர். மே மாதப் பக்கத்தைக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் உடனே பானெட்டைத் திறக்கவில்லை.

முதலில், மைலேஜை முறையாக அளந்துவரச் சொன்னார். பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை ஃபுல் டேங்க், டிரிப் மீட்டர் 0. குறைந்தது 200 கி.மீ ஓட்டிய பிறகு அதே பங்க்கில் மறுபடி முதல் கட் ஆகும்வரை. 'இன்னும் கொஞ்சம்' என்று கழுத்துவரை ஊற்றக் கூடாது. 205 கி.மீ-க்கு 19.8 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 10.4. நோட்டு பொய் சொல்லவில்லை. டயர் சைஸையும் பார்த்தார். கம்பெனி சைஸான 155/70 ஆர்13 தான் இருந்தது. (பெரிய டயர் மாட்டிய கார்களில் மீட்டர் உண்மையைவிடக் குறைந்த தூரத்தைக் காட்டும். மைலேஜ் குறைந்ததுபோல் தெரியும், உண்மையில் குறைந்திருக்காது.)

டயர்களில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தது. ஏற்றினார். இதில் பெரிய லாபம் எதிர்பார்க்க முடியாது. 4 டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2% குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 8 பி.எஸ்.ஐ குறைந்தால்கூட 2% தாண்டாது. ஆனால், டயர் ஆயுளுக்கும் உயிருக்கும் அது முக்கியம்.

அடுத்து, லேசான சரிவில் காரை நியூட்ரலில் விட்டார். உருண்டது, ஆனால் அரைமனதாக. 5 கி.மீ, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு, 4 சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோனார். தொடவில்லை, அருகில் மட்டும். பின்னால் இடது பக்கம் மற்றதைவிடச் சூடு. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினால், அரைச் சுற்றில் நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி, முழுதாகத் திரும்பவில்லை. பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, மறுபடி ஃபுல் டேங்க் கணக்கு. 212 கி.மீ, 19.1 லிட்டர். 11.1. கொஞ்சம் ஏறியது. இன்னும் பெரிய திருடன் உள்ளே இருக்கிறான்.

கிளட்ச்? 4-வது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இதில் அது இல்லை.

பிறகு, அந்தக் கறுத்த பிளக். இங்கேதான் முதல் ஒர்க்‌ஷாப் தடுமாறியது. பிளக்கில் கறுப்பு இரண்டு விதம். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. ரிங் அல்லது வால்வு சீல் சந்தேகம். கையில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால், பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இது உலர்ந்த கரி. சைலன்சர் முனையிலும் அதே கரி. போதாக்குறைக்கு, நோட்டில் இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஒருமுறைகூட இன்ஜின் ஆயில் வாங்கிய கணக்கு இல்லை. ரிங் போன கார் ஆயில் குடிக்காமல் இருக்குமா? சந்தேகத்துக்கு இடமின்றி கம்ப்ரஷன் டெஸ்ட்டும் செய்தார். 4 சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. 45,000 ரூபாய் வேலை அந்த இடத்திலேயே தள்ளுபடி ஆனது.

தோசைக்கல் சூடாகவில்லை!

மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் சில நிமிடங்களுக்குக் குளிர்ந்தே இருக்க வேண்டும். இன்ஜின் போதுமான அளவு சூடான பிறகுதான் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து, வெந்நீர் அங்கே பாயும். இந்த காரில் தொடக்கத்திலிருந்தே ஹோஸ் வெதுவெதுப்பானது. ஸ்டார்ட் செய்த நொடியிலேயே ரேடியேட்டர் ஃபேனும் சுற்ற ஆரம்பித்தது. 20 நிமிடம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடிக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது.

தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடத்தைத் திறந்தார். காலி. ஃபேன் ஒயரைத் தேடிப் பார்த்தால், ரிலேவை விட்டுவிட்டு சாவிக்கு நேராகக் கொடுக்கப்பட்டிருந்தது. கார் ஓடும்வரை ஃபேனும் ஓடும்.

"குளிர்ச்சியா இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதானே தம்பி?" என்று கேட்டார் ஆசிரியர்.

"தோசைக்கல் காயாம மாவை ஊத்தினா என்னாகும் சார்?" என்றார் மெக்கானிக். பதில் வந்தது பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடமிருந்து. "ஒட்டிக்கும்."

அதேதான். பெட்ரோல் எரிய வேண்டுமானால் முதலில் ஆவியாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் தெளிக்கிறது, ஐடிலிங்கையும் ஏற்றிவைக்கிறது. 'இன்ஜின் சூடாகிவிட்டது' என்று கூலன்ட் சென்சார் சொன்னதும் அதை நிறுத்திவிடும். இந்த காரில் சென்சார் பொய் சொல்லவில்லை. இன்ஜின் உண்மையிலேயே சூடாகவே இல்லை. 3 கி.மீ மார்க்கெட், 3 கி.மீ கோயில் என்று ஓடும் கார், மே மாதத்திலிருந்து தினமும் காலை ஸ்டார்ட்டிங்கிலேயே வாழ்ந்திருக்கிறது. ஆயிலும் குளிர்ந்து கெட்டியாகவே இருப்பதால் உராய்வு அதிகம், தேய்மானமும் அதிகம். 45,000 ரூபாய்க்குச் சொன்ன ரிங் வேலை, இப்படியே ஓட்டியிருந்தால் சீக்கிரம் உண்மையாகியிருக்கும்.

அப்படியானால் மே மாதம் கார் ஏன் கொதித்தது? ஃபேன் ரிலே போயிருந்தது. டிராஃபிக்கில் நின்றபோது ஃபேன் சுற்றவில்லை, அவ்வளவுதான். மாற்றியிருக்க வேண்டியது சில நூறு ரூபாய் ரிலே. கழற்றப்பட்டதோ தெர்மோஸ்டாட். ரோட்டோர மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கல்யாணத்துக்கு அவசரப்படும் வாடிக்கையாளரை, கையில் ஸ்பேர் இல்லாமல் அனுப்பிவைக்க அவருக்குத் தெரிந்த வழி அது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஊர் ஊருக்கு நடக்கிற வைத்தியம்தான். அவசரத்துக்குச் செய்ததை ஊர் திரும்பியதும் சரிசெய்யாமல் விட்டதுதான் தவறு.

புது தெர்மோஸ்டாட், புது ரிலே, ஃபேன் ஒயர் பழையபடி, வெறும் தண்ணீருக்குப் பதிலாக கூலன்ட், ஹேண்ட் பிரேக் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பிளக்கைத் துடைத்து அதையே மாட்டிவிட்டார்.

அடுத்த ஃபுல் டேங்க் கணக்கு: 268 கி.மீ, 19.6 லிட்டர். லிட்டருக்கு 13.7.

15 வரவில்லையே என்று ஆசிரியருக்கு ஒரு குறை. மிச்சமிருப்பதில் கொஞ்சம் இ20-ன் பங்கு. இன்னொரு சந்தேகம் ஆக்ஸிஜன் சென்சார் மீது இருக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து, பெட்ரோல் அளவைத் திருத்த உதவும் சென்சார் அது. ஒரு லட்சம் கி.மீ தாண்டிய கார்களில் அது மந்தமாகிவிடும். இந்த கார் 1,12,000 ஓடியிருக்கிறது. புது மாடல்களில் என்றால் ஓ.பி.டி கருவியை மாட்டி மொபைலிலேயே அதன் வேலையைப் பார்க்கலாம். இந்தியாவில் ஓ.பி.டி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல கார்களோடு ஆன்லைனில் வாங்கும் மலிவுக் கருவிகள் பேசாது. கம்பெனி ஸ்கேனர் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். "அவசரமில்ல சார், தீபாவளி கழிச்சுப் பார்ப்போம்" என்றிருக்கிறார் மெக்கானிக்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் தீபாவளிவரை காத்திருக்கக் கூடாது. காருக்குள் அல்லது டேங்க் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தால், அது மைலேஜ் பிரச்னை அல்ல. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்துக் கசிகிறது என்றால் தீப்பிடிக்கும் ஆபத்து. வண்டியை எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டுங்கள். அதேபோல், கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை எந்த அவசரத்திலும் திறக்காதீர்கள்.

தஞ்சாவூர் வீட்டில் பெட்ரோல் செலவு மாதம் ஏறக்குறைய 1,000 ரூபாய் குறைந்திருக்கிறது. மகன் கொண்டுவந்த விலையை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பிசியோதெரபி மறுபடி வாரம் 2 நாள். போன மாதம் ஸ்ரீரங்கம் போய் வந்தார்கள். நெடுஞ்சாலையில், ஏ.சி போடாமல், லிட்டருக்கு 16-ஐத் தொட்டதாம். ஏ.சி போடாமல் போனதில் மனைவிக்குக் கோபம். நோட்டில் அதையும் எழுதிவைத்திருக்கிறார்.